வாலில் சுத்தம், வயிற்றில் புகை

உத்தியோகம் பார்த்த காலத்தில் மனிதர்களின் முகத்தைவிட வாகனங்களின் பின்பக்கத்தையே நான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன். கல்யாண வீடுகளில் யாராவது வந்து "என்னைத் தெரியேல்லையே?" என்று கேட்டால் விழிப்பேன். அவர் தன் லொறியின் பெயரைச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். பின்கதவில் என்ன எழுதியிருந்தது, குழாய் எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்பதுவரை சொல்லுவேன். இதைப் பெருமையென்று நினைத்துத்தான் நெடுங்காலம் வாழ்ந்தேன்.

வாகனப் புகை சோதிக்கிற எங்கள் திணைக்களம் மலர் வெளியிடுகிறதாம். ஓய்வு பெற்றவர்களிடம் அனுபவக் கட்டுரை கேட்கிறார்கள். "இளைய உத்தியோகத்தருக்குப் பிரயோசனமாக ஏதாவது எழுதுங்கோ" என்று பதிப்பாசிரியர் தொலைபேசியில் சொன்னார். புதிய புகைமானிகள் வரப்போகின்றன என்றும், அவை தாமே அளந்து, தாமே படம் பிடித்து, தாமே கொழும்புக்கு அனுப்பிவிடும் என்றும் சொன்னார். "தானே நிலத்தில் படுத்து வாகனத்துக்குக் கீழ பாக்குமோ?" என்று கேட்டேன். பகிடி என்று நினைத்து அவர் சிரித்தார். பகிடியல்ல என்பதை எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று.

பயிற்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் விரிவுரையாளர் சிங்களத்தில் சொன்னதைப் பக்கத்துக் கதிரைக்காரர் ஆங்கிலத்தில் சொன்னார். நான் அதைத் தமிழில் எழுதிக்கொண்டேன். மூன்று பாஷை தாண்டி வந்து சேர்ந்ததில் எஞ்சியது, புகை கறுப்பாக இருந்தால் கூடாது என்பது. அது எனக்கு முன்பே தெரியும். யுத்தத்தின் பொருளாதாரத் தடைக்காலத்தில், எரிபொருள் கிடைக்காமல், எங்கள் வீட்டு ஒஸ்ரின் காரை மண்ணெண்ணெயில் ஓட்டிய பரம்பரை நான். குழந்தைகளின் சூப்பிப் போத்தலில் இரண்டு சொட்டுப் பெற்றோல் எடுத்து, காபரேற்றருக்குள் பீச்சி, இயந்திரம் இருமி எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் எழும்பும் புகையில் தெரு மறையும். அந்தத் தெருவில் வளர்ந்தவனைத்தான் அரசாங்கம் புகை பிடிக்க வேலைக்கு எடுத்தது. ஆள் தெரிவில் ஒரு ஞாயம் இருந்திருக்கலாம்.

என்னை யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிக்குப் போட்டபோது சக உத்தியோகத்தர்கள் வாழ்த்தினார்கள். சுகமான இடமாம். ஒரே தெரு, ஒரு பக்கம் கடல், மறுபக்கமும் கடல், தப்பி ஓட இடமில்லை. அவர்கள் சொல்லாமல் விட்டது, ஒரே தெரு என்றால் எல்லாருக்கும் ஒரே செய்தி என்பதை. நாங்கள் கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதியைக் கடந்து முடிக்கும் முன்னரே எதிரே வருகிற வாகனம் எங்களுக்குப் பின்னால் வருவதற்கு வெளிச்சம் அடித்துக் காட்டிவிடும். அதன்பிறகு எங்களிடம் வந்து சேருவது மனச்சாட்சி சுத்தமான வாகனங்கள் மட்டுமே: பாதிரியாரின் புதுக் கார், ஐஸ்கிறீம் வான், ஒருமுறை பிரேத ஊர்தி. பிரேத ஊர்தியை நான் மறிக்கவில்லை. ஓட்டுநர் தானாக நிறுத்தி, "எங்களையும் பாத்து விடுங்கோ, பிறகு ஆக்கள் கதைப்பினம்" என்றார். பின்னால் நடந்து வந்த சனமும் நின்று பார்த்தது. பாஸ்.

நயினாதீவுத் திருவிழாக் காலத்தில், அங்கே படகு ஏறுகிற குறிகட்டுவானில் நிற்போம். வெளியூர்களிலிருந்து பஸ்கள் வரிசையாக வந்து, சனத்தை இறக்குதுறையில் விட்டுவிட்டு வெயிலில் காயும். பிடித்துச் சோதிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஓட்டுநர்களுக்கு எங்கள் இயந்திரமும் தரிசனத்தின் ஒரு பகுதியாகவே தெரிந்தது. ஒருவர் புகைமானிக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார். இன்னொருவர் அதன் நெற்றியில் பொட்டு வைத்தார். நெற்றி என்று அவர் தெரிவு செய்த இடம் ஒளி போகிற கண்ணாடி. அன்று பின்னேரம் வரை எல்லா வாகனமும் பெயில்.

இனி நடேசர். அவர் எங்கள் பகுதிப் பொறுப்பதிகாரி. மெலிந்த மனிதர், எப்போதும் வெள்ளைச் சேட்டு. அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமில்லாத உடை இருக்க முடியாது. எங்களை "நீர்", "காணும்" என்பார், லொறி ஓட்டுநரை "ஐயா" என்பார். சோதனை முடியும்வரை ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கமாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டே பத்திரங்களை வாங்குவார், முதுகைக் காட்டிக்கொண்டே திருப்பிக் கொடுப்பார். திமிர் பிடித்தவர் என்று பலர் நினைத்தார்கள். ஒருநாள் கேட்டேன். "முகத்தைப் பாத்தா புகை குறையும் காணும்" என்றார்.

அவருடைய முறையை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. இயந்திரம் சூடேறியிருக்க வேண்டும். கியர் நடுவில், கைத்தடை இழுத்து. அதன்பிறகு ஓட்டுநர் இறங்கிவிட வேண்டும். அக்சிலறேற்றரை மிதிப்பது எங்கள் ஆள். ஓட்டுநரை மிதிக்கச் சொன்னால் பிள்ளையின் கன்னத்தைத் தொடுவதுபோல் தொடுவார். நடேசர் அதற்கு "மாப்பிள்ளை மிதி" என்று பெயர் வைத்திருந்தார். சட்டென்று அடிவரை மிதித்து, இயந்திரம் உச்சத்தில் கத்தியதும் விட வேண்டும். முதலில் சும்மா சில மிதி, குழாயில் கிடக்கும் பழைய கரி போவதற்கு. பிறகு புகைமானியின் கோலைக் குழாய்க்குள் விட்டு, அளக்கிற மிதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வரும், புகை கூடினால் எண்ணும் கூடும். சராசரி எல்லையைத் தாண்டினால் பெயில்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஈரச் சாக்கு. இயந்திரம் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது நனைத்த சாக்கை மடித்துக் குழாயின் வாயைப் பொத்துவார். குழாய் நல்லதென்றால் இயந்திரம் மூச்சுத் திணறி நிற்கப் பார்க்கும். எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தால் நடுவில் எங்கோ ஓட்டை. தீவில் இது பெரிய விஷயம். உப்புக்காற்று சைலன்சரைத் தின்றுவிடும். புகை பாதி வழியில் இறங்கிவிடுவதால் வாலில் கோலை விட்டு அளந்தால் வாகனம் புனிதமாகத் தெரியும். அப்படிப்பட்டவற்றை அளக்காமலே நடேசர் திருப்பி அனுப்புவார்.

இப்போது சொல்லப்போவது புளியங்கூடலில் நடந்தது. காலை. சந்திக்கு அருகில் முன்னும் பின்னும் சீற்று உள்ள எங்கள் டபிள்கப் வாகனம், சின்ன ஜெனரேட்டர், அறிவிப்புப் பலகை, மறிப்பதற்கு ஒரு பொலிஸ்காரர். ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து ஒரு வெள்ளை வான் வந்தது. பக்கவாட்டில், எந்த நாட்டில் இருக்கிற எந்த ஊர் ஒன்றியம் அன்பளிப்புச் செய்தது என்று பெரிய எழுத்தில் இருந்தது. சிறுநீரக நோயாளரைக் கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு டயலிசிஸ் செய்யக் கொண்டுபோகிற வான் அது. ஓட்டுநர் யூட், மீன்பிடிக் குடும்பத்துப் பெடியன், முப்பது வயதிருக்கும். உள்ளே மூவர். முன்சீற்றில் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு புளியங்கூடல் சிவக்கொழுந்து அக்கா. அப்போதுதான் வீட்டு வாசலில் ஏறியிருந்தார். பின்னால் இரண்டு வயதானவர்கள், ஊர்காவற்றுறையில் ஏறியவர்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நல்ல நித்திரை.

"கெதியாப் பாத்து விடுங்கோ தம்பி, எனக்கு அங்க கட்டில் குறிச்சுக் கிடக்கு" என்றார் சிவக்கொழுந்து அக்கா. தம்பி என்றது நடேசரை.

"ஓம் அக்கா" என்றார் நடேசர், கடலைப் பார்த்துக்கொண்டு.

ஈரச் சாக்கு வைத்தார். இயந்திரம் திணறியது. தீவு வான் ஒன்று அப்படித் திணறியதை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். யூட்டின் முகத்தில் ஒரு கர்வம். சும்மா மிதித்தேன், பிறகு அளக்க மிதித்தேன். முதல் எண் எல்லைக்குக் கிட்ட, ஆனால் உள்ளே. அடுத்தது அதிலும் குறைவு. அடுத்தது இன்னும் குறைவு. சராசரி பார்த்தால் தாராளமாகப் பாஸ். பொலிஸ்காரர் கையைக் காட்டி அனுப்பத் தயாராகிவிட்டார்.

நடேசர் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதென்ன காணும், மிதிக்க மிதிக்கத் திருந்துது?"

"நல்ல வாகனம் போல, சேர்" என்றேன்.

"மனிசரே அப்பிடித் திருந்திறேல்லை. இது டீசல்."

மறுபடி சாக்கை நனைத்துப் பொத்தினார். இந்தமுறை இயந்திரம் திணறவில்லை. சாக்கை இறுக்கினார், அது பாட்டுக்கு ஓடியது. நடேசர் மூக்கைச் சுழித்தார். அப்போதுதான் எனக்கும் மணந்தது. டீசல் அல்ல, றப்பர் அல்ல. வள்ளம் திருத்துகிற கொட்டிலுக்குப் பக்கத்தால் போனால் வருமே, அந்த மணம், கொஞ்சம் கருகி.

சாக்கை நிலத்தில் விரித்து, வெள்ளைச் சேட்டோடு படுத்து, வானுக்கு அடியில் தலையை விட்டார். பிறகு உள்ளிருந்து குரல் வந்தது.

"ஐயா, இந்தச் சைலன்சருக்கு என்ன செய்தனீங்கள்?"

"பைபர் போட்டனான் சேர்" என்றான் யூட். ஒளிக்கவில்லை, மகிழ்ச்சியோடு சொன்னான். "முழுக்க உக்கிப்போச்சு. புதுசு வாங்க ஒன்றியத்துக்கு அறிவிச்சிட்டு இருக்கிறம், அவையள் கூட்டம் வைச்சு முடிவெடுக்க வேணுமாம். நான் என்ர கையாலயே வள்ளத்துக்குப் போடுற மாதிரி மூண்டு அடுக்குப் போட்டு, மேல வெள்ளிப் பெயின்றும் அடிச்சனான். தண்ணி ஒரு சொட்டுப் போகாது."

"தண்ணி போகாதுதான்" என்றார் நடேசர் கீழேயிருந்து.

தீவில் பிறந்த ஒருவனுக்கு ஓட்டை என்றால் கண்ணாடிநாரும் பிசினும் சேர்ந்த பைபர்தான். வள்ளம், தண்ணீர்த் தொட்டி, கிணற்று வாளி, எல்லாம் அதனால்தான் உயிர் வாழ்கின்றன. கடலில் அது தோற்றதில்லை. அது சூட்டில் என்ன செய்யும் என்று யோசிக்க அவர்களுக்குத் தேவை வந்ததேயில்லை. குளிர்ந்த குழாயில் அது கல்லாக இருந்தது. ஒவ்வொரு பயணத்திலும் ஓட ஓட இளகிக் கசிந்து, ஆறினால் மறுபடி இறுகியிருக்கிறது. அன்று நான் மிதித்த மிதியில் மூட்டு வாய் பிளந்துவிட்டது. புகை வாலுக்கு வந்து சேராமல் நடுவிலேயே வெளியேறியது. அதனால்தான் எண் குறைந்தது. வெளியேறிய இடத்துக்கு நேர் மேலே, வானின் தகட்டுத் தளத்தில் ஒரு துருவோட்டை. அதை மறைத்துத்தான் பின்சீற்று விரிப்பு.

நடேசர் எழுந்தார். அன்றுதான் முதல் தடவையாகச் சோதனை நடுவில் ஆட்களின் முகத்தைப் பார்த்ததைக் கண்டேன். பார்த்தது ஓட்டுநரை அல்ல, நித்திரை கொண்டவர்களை.

"இவை எப்பவும் நித்திரையோ?"

"ஏறின உடன நித்திரைதான்" என்றார் சிவக்கொழுந்து அக்கா. "முந்தி வாய் ஓயாத ஆக்கள். ஒரு மாசமா இப்பிடி. எனக்கும் தலையிடிதான், நான் யன்னலுக்கை தலையை விட்டுக்கொண்டு வாறனான். வருத்தத்தால எண்டு நினைச்சன்."

நடேசர் பின்கதவை முழுக்கத் திறந்து இருவரையும் தட்டி எழுப்பினார். ஒருவர் கண்ணைத் திறந்து "ஆஸ்பத்திரி வந்திட்டுதோ?" என்றார். மற்றவரை எழுப்பக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் யூட்டின் முகம் மாறியதை எழுதத் தேவையில்லை. இருவரையும் இறக்கி மதகில் காற்றுப் பட இருத்தினோம்.

"வான் இனி ஓடாது" என்றார் நடேசர்.

"மிசின் பாஸ் எண்டு சொல்லுதே சேர்" என்றான் யூட். அடம் பிடித்ததாகத் தெரியவில்லை.

"மிசின் வாலைப் பாத்துச் சொல்லுது. இவை இருக்கிறது வயித்துக்கு மேல."

சிவக்கொழுந்து அக்கா இறங்கவில்லை. "தம்பி, முறை தவறினா எனக்கு வேற நாள் தரமாட்டினம். ஒரு முறை தவறி, கால் வீங்கி, மூச்சு விட ஏலாமல் கிடந்தனான். புகையில சாகிறதோ தண்ணி ஏறிச் சாகிறதோ எண்டா, நான் பழகின சாவில போறன். வானை விடுங்கோ."

"எங்கட வாகனத்தில ஏறுங்கோ அக்கா. நாங்கள் கொண்டுபோய் விடுறம்."

அக்கா எங்கள் வாகனத்தைப் பார்த்தார். கதவில் திணைக்களத்தின் சின்னம், கீழே சேறு. "உந்த வாகனத்தை ஆர் சோதிச்சது?"

நடேசர் என்னைப் பார்த்தார். நான் பொலிஸ்காரரைப் பார்த்தேன். பொலிஸ்காரர் தெருவைப் பார்த்தார். எங்கள் வாகனத்தைச் சோதிப்பது எங்கள் வேலை, ஆனால் எங்கள் வாகனத்தை யாரும் மறித்ததில்லை. மறிப்பது நாங்கள் என்பதால்.

"ஒரு நஞ்சில இருந்து இறங்கி மற்ற நஞ்சில ஏற எனக்கு விசரே?" என்றார் அக்கா. "ஊதிப் பாத்திட்டு ஏத்துங்கோ. கெதியா."

"ஞாயம்" என்றார் நடேசர்.

சாக்கு வைத்தார், திணறியது. கீழே படுத்துப் பார்த்தார், இரும்பு இரும்பாகவே இருந்தது. நான் ஏறினேன். என்னுடைய காலுக்கே அன்று மாப்பிள்ளை மிதி வரப் பார்த்தது. "காணும்!" என்று நடேசரின் எச்சரிக்கைக் குரல் பின்னாலிருந்து. அடிவரை மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தபோது பொலிஸ்காரரைக் காணவில்லை. புகை விலகியதும் இருந்தார். எண் எல்லையைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. அடுத்த மிதிகளிலும் திருந்தவில்லை. நேர்மையான வாகனம்.

மதகில் இருந்த முதியவர்களில் ஒருவர், இப்போது நன்றாகத் தெளிந்து, "பெயிலோ?" என்று கேட்டார்.

"பெயில்" என்றார் நடேசர். "ஆனா புகை முழுக்க வாலால போகுது. உள்ளுக்கு இருக்கிறவைக்கு ஒண்டும் இல்லை, பின்னால வாறவைக்குத்தான் கூடாது."

"அரசாங்க வாகனம்தானே" என்றார் சிவக்கொழுந்து அக்கா, இறங்கியபடி.

ஏற்றுவதற்கு முன் நடேசர் எங்கள் வாகனத்துக்கு நோட்டீஸ் எழுதி, அதிகாரி என்ற இடத்திலும் பொறுப்பாளர் என்ற இடத்திலும் தானே கையெழுத்து வைத்தார். பெயிலான வாகனத்தைத் திருத்த நாள் கொடுக்கலாம், அதுவரை ஓடலாம் என்பது விதி. ஆகவே பாஸான வான் தெருவோரம் நின்றது. பெயிலான வாகனம் நோயாளரோடு யாழ்ப்பாணம் புறப்பட்டது. நான் ஓட்டினேன். அக்கா முன்னால். நடேசர் பின்னால் இரண்டு முதியவர்களுக்கு நடுவில், இருவரும் கண்ணை மூடிவிடாதபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டு.

பண்ணைத் தாம்போதியில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் எங்களைத் துரத்தி வந்து சமாந்தரமாக ஓடினார். கதவுச் சின்னத்தைப் பார்த்துவிட்டுத் தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கினார்.

"நீங்களோ ஊராருக்குப் புகை பிடிக்கிறது? முதல்ல உங்கட புகையைப் பிடியுங்கோ!"

நடேசர் பக்கத்து முதியவரைத் தாண்டிக் கை நீட்டி யன்னல் கண்ணாடியை இறக்கினார். "ஓம் தம்பி. நோட்டீஸ் குடுத்தாச்சு."

அந்த மனிதர் கொஞ்சத் தூரம் அப்படியே எங்களோடு வந்தார். பிறகு பின்தங்கிவிட்டார், புகைக்குள்.

கட்டில் தவறவில்லை. முதியவர்கள் இருவரையும் பற்றி நடேசர் வைத்தியரிடம் தனியாகப் போய்ச் சொன்னார். முதலில் ஒட்சிசன் முகமூடி போட்டு வைத்திருந்து, தெளிந்தபின்தான் கட்டிலுக்கு அனுப்பினார்கள். இன்னும் சில பயணம் போயிருந்தால் யாராவது ஒருவர் எழும்பாமலே வந்திருப்பார், நோயால் போய்விட்டார் என்றே எல்லாரும் நினைத்திருப்பார்கள் என்று வைத்தியர் சொன்னதாக நடேசர் எனக்குச் சொன்னார். நோயாளரைத் திரும்பக் கொண்டுபோவது யார் என்பது எங்கள் இருவருக்கும் அதுவரை தோன்றவில்லை. தோன்றியதும் நடேசர் வாசலில் கிடந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னேரம் யூட் வானோடு வந்தான். வேலணையில் வெல்டிங் ஒட்டுவேலைக்காரனைப் பிடித்து, லொறி ஒன்றின் பழைய இரும்புச் சைலன்சரை வைத்து ஒட்டியிருந்தான். தளத்தின் ஓட்டைக்கும் தகடு. நான்கு யன்னலையும் திறந்தபடி தனியாக ஓட்டி வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. ஒட்டுவேலையைப் பக்கத்தில் நின்று பார்த்ததால் என்றான்.

"நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை ஐயா" என்றார் நடேசர், அவன் முகத்தை நேரே பார்த்து.

"ஓம் சேர்" என்றான். "ஆனா செய்தது நான்தானே."

ஆஸ்பத்திரி முற்றத்தில் நடேசர் சாக்கை நனைத்துப் பொத்தினார். திணறியது. என்னை மிதிக்கச் சொல்லி, மிதித்துச் சூடேறியபின் மறுபடி பொத்தினார். மறுபடி திணறியது. கீழே படுத்தார். காவலாளி ஓடி வந்து ஆருக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

மூவரையும் வானில் ஏற்றி அனுப்பினோம். எங்கள் வாகனத்தின் சாவியை நடேசர் தன் சட்டைப்பைக்குள் போட்டார்.

"விதிப்படி ஓடலாமே சேர்" என்றேன்.

"அவசரத்துக்கு ஓடினது. இப்ப என்ன அவசரம்?"

ஜெனரேட்டரும் பலகையும் புளியங்கூடலில் பொலிஸ்காரரிடம் இருந்தன. ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறினோம். இடம் இல்லை. நடேசர் நின்றார், நான் புகைமானியைப் பிள்ளைபோல் அணைத்துக்கொண்டு நின்றேன். அந்த பஸ் விட்ட புகையை வர்ணிக்கத் தொழில் ரீதியாக எனக்குத் தகுதி உண்டு, ஆனால் வேண்டாம். கண்டக்டர் இயந்திரத்தை அடையாளம் கண்டுவிட்டார். அவர் பார்த்ததால் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். கொஞ்சத்தில் பஸ் முழுவதும் எங்களையே பார்த்தது.

"இதை நாளைக்குப் பாப்பம்" என்றார் நடேசர், பொதுவாக.

யூட் வழியில் நோயாளருக்கு ஏதோ குடிக்க வாங்கியிருக்க வேண்டும், வேலணை தாண்டும்போதுதான் வான் எங்களை முந்தியது. முன்யன்னலில் சிவக்கொழுந்து அக்கா. எங்கள் பஸ்ஸின் பின்பக்கத்தை விரலால் காட்டி ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை, கேட்காமலே விளங்கியது. பின்சீற்றில் இரண்டு முதியவர்களும் நிமிர்ந்து இருந்தார்கள். ஒருவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ வாதாடினார். மற்றவர் அதை ஒத்துக்கொள்ளாமல் அவரைவிட வேகமாகத் தலையை ஆட்டினார். வான் எங்கள் கண்ணில் இருந்து மறையும்வரை அந்தச் சண்டை முடியவில்லை.